எட்டாவது தூண்

காசிமிரோவின் கையை யாரும் கேட்காமல் பிடித்துவிடக் கூடாது. தெற்கு ஸ்பெயினில், லினாரெஸ் ஊரில், எங்கள் தெருமுனையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். வெளியூர்க்காரர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஒருமுறை நல்ல மனசுள்ள அம்மாள் ஒருத்தி, அவன் தான் லாட்டரிச் சீட்டு விற்கும் கூண்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து தோளைப் பற்றி, "வாங்க, நான் ரோட்டைத் தாண்டி விடறேன்" என்று எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போனாள். அவனுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு கோலைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்து என் கடை வாசலில் நின்றான்.

"பாத்தியா லுதிவினா, ஓசியிலயே வெளிநாடு போய்ட்டு வந்துட்டேன்."

லுதிவினா என்பது நான். நோட்டு, பேனா, பள்ளிக்கூடச் சாமான் விற்கும் சின்னக் கடை என்னுடையது. நகலும் எடுத்துக் கொடுப்பேன். என் கடைக்கும், காப்பியும் மதுவும் விற்கும் பால்தொமேரோவின் பாருக்கும் நடுவில் காசிமிரோவின் கூண்டு. இது நடந்தபோது பன்னிரண்டு வருடமாக மூன்று பேரும் ஒரே சுவரில் சாய்ந்து பிழைத்துவந்தோம்.

காசிமிரோ பிறவியில் பார்வையற்றவன் இல்லை. டைல்ஸ் பதிக்கிற வேலை பார்த்தவன். முப்பது வயதில் சாயங்காலமானால் படியில் கால் இடற ஆரம்பித்தது. வேலை அலுப்பு என்று நினைத்தான். கண்ணின் உள்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது, நிறுத்த வழியில்லை என்று மருத்துவர் சொன்னார். முப்பத்தாறில் முழுக்க அணைந்துவிட்டது. அவன் பெயரைக் காசி மிரோ என்று பிரித்தால் எங்கள் மொழியில் 'கிட்டத்தட்டப் பார்க்கிறேன்' என்று அர்த்தம் வரும். இதை வைத்து அவனைக் கிண்டல் செய்யாதவர்கள் ஊரில் இல்லை. எல்லோருக்கும் முன்னால் அவனே சொல்லிச் சிரித்துவிடுவான். சிரித்து முடித்ததும் முகம் சட்டென்று மூடிக்கொள்ளும். அதை நான் கவனித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில், ஆலிவ் அறுவடை தொடங்கி ஊரெல்லாம் எண்ணெய் ஆலை வாசனை அடிக்கும் நாட்களில், பார்வையற்றோர் சங்கத்தில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தார்கள், வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள். திரையில் வரும் எழுத்தை ஒரு குரல் உரக்கப் படிக்கும். மூக்கடைத்த பாதிரியார் மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

"மாப்ளே, உன் வீட்டுல யாராவது செத்துட்டாங்களா? ஜன்னல் வழியா ஜெபம் கேக்குதே" என்று பால்தொமேரோ கேட்டான்.

"என் பொண்டாட்டிடா. உன் பொண்டாட்டி மாதிரி கத்தாது" என்றான் காசிமிரோ.

பார்வையற்றவர்கள் எழுதிக்கொள்ளும் ஈமெயில் குழு ஒன்றில் யாரோ ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியிருந்ததை அவன் சங்கத்தில் கேட்டிருந்தான். 'உப்புக் கோட்டை' என்று பெயர். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எழுத்து மட்டும்தான். நீ எங்கே இருக்கிறாய் என்று அது எழுதும். என்ன செய்யப் போகிறாய் என்று நீ எழுத வேண்டும். அவன் வீட்டில் இன்டர்நெட் இல்லை. என் கடையில் இறக்கி ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தேன். எனக்கும் ஒரு பிரதி வைத்துக்கொண்டேன், சும்மா.

அது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அவன் கூண்டைத் திறக்காமல் நேராக பாருக்குள் வந்து உட்கார்ந்தான். பால்தொமேரோ எண்ணெயும் தக்காளியும் தடவிய ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். காசிமிரோ தொடவில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"நான் ஒரு படிக்கட்டுல தனியா இறங்கினேன், லுதிவினா."

"எங்க? விழுந்துட்டியா?"

"அந்த விளையாட்டுல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ ஒரு படிக்கட்டோட உச்சியில நிக்கறேன்னு சொல்லுச்சு. அம்பது வருஷத்துக்கு முன்னால பள்ளத்தாக்குல ஓடின ஆறு இந்த வாசல் வழியாத்தான் உள்ள போச்சு, திரும்பி வரலைன்னு சொல்லுச்சு. உன் கையில செத்துப்போன குருவோட மந்திரப் புத்தகம் இருக்கு, படிகள் கீழ போகுதுன்னுச்சு. அவ்வளவுதான். அப்புறம் பேசவே இல்ல. காத்துக்கிட்டு இருந்துச்சு."

"எதுக்கு?"

"எனக்காக! நான் என்ன செய்யறேன்னு பாக்க. பாத்து இறங்கு, கைப்பிடியைப் பிடி, இரு நான் வரேன்னு ஒண்ணும் சொல்லல. நான் 'கீழே'ன்னு அடிச்சேன். இறங்கிட்டேன். இன்னொரு தடவை அடிச்சேன். இன்னும் ஆழத்துக்குப் போய்ட்டேன். பன்னெண்டு வருஷத்துல எனக்கு முன்னால கோல் போகாம நான் ஒரு இடத்துக்குப் போனது அப்பத்தான்."

ரொட்டியைக் கடித்தான். பால்தொமேரோ வழக்கம்போல எதையாவது சொல்வான் என்று பார்த்தேன். மேஜையைத் துடைப்பதுபோல் அங்கேயே நின்றான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோட்டைக்குள்தான் இருந்தோம். காசிமிரோ வீட்டில் விளையாடுவான், நான் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் விளையாடுவேன். காலைக் காப்பிக்கு பாரில் கூடி எது வரை போனோம் என்று பேசிக்கொள்வோம். கம்ப்யூட்டரைத் தொடத் தெரியாத பால்தொமேரோ யோசனை சொல்வான்.

மந்திரங்கள் எளிதில் வசப்படவில்லை. புத்தகத்தில் மந்திரத்தைப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருமுறை சொன்னால் மறந்துபோகும், திரும்பப் படிக்க வேண்டும். ஒரே சமயத்தில் மூன்றுதான் மனதில் நிற்கும். 'அல்ப்ரா' சொன்னால் வெளிச்சம் வரும். 'தெல்கா' சொன்னால் கனமான பொருள் இறகாகிவிடும். 'சுசூர்' என்று ஒன்று உண்டு. அதை எந்தப் பொருள் மேல் சொன்னாலும் அந்தப் பொருள் தனக்கு நடந்ததைக் கிசுகிசுக்கும். காசிமிரோவுக்கு அதுதான் உயிர். சுவர், செருப்பு, உடைந்த மணி எதையும் விட்டுவைக்கமாட்டான். எல்லாவற்றிடமும் கதை கேட்பான்.

தனக்கு உரியவரின் பெயரைச் சொன்னால் மட்டுமே திறக்கும் பெட்டி ஒன்று இருந்தது. நான் நான்கு நாள் அதன் முன்னால் கிடந்தேன்.

"உதைங்கடா அதை" என்றான் பால்தொமேரோ.

அவன் நச்சரிப்புத் தாங்காமல் அதையும் அடித்துப் பார்த்தேன். 'உன் கால் வலிக்கிறது. பெட்டி சும்மா இருக்கிறது' என்று பதில் வந்தது. அதை பாரில் வந்து சொன்னபோது காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பால்தொமேரோதான் அதிகம் சிரித்தான். யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து, என்றைக்காவது ஒரு பார்க்காரன் பெட்டியை உதைக்கச் சொல்வான் என்று முன்கூட்டியே நினைத்து அதற்குப் பதிலும் எழுதி வைத்திருக்கிறார் என்பது அவனுக்கு நம்ப முடியாத ஆச்சரியம். "நம்மளை எப்படிடா தெரியும் அந்த ஆளுக்கு?" என்று அன்றைக்கு நாலு தடவை கேட்டான்.

பெட்டியைக் காசிமிரோதான் திறந்தான். கோட்டைக்குள் வறண்டுபோன படகுத்துறை ஒன்று உண்டு. அங்கே கிடந்த படகின் மேல் சுசூர் சொல்லியிருக்கிறான். 'நெலாரா என்னைத் தினமும் சுமந்தாள். நெலாரா போன பிறகு நான் நகரவில்லை' என்று படகு கிசுகிசுத்ததாம். நெலாரா படகோட்டியின் மனைவி, பெட்டி அவளுடையது என்று நாங்கள் ஊகித்தோம். அவள் பெயரைச் சொன்னதும் பெட்டி திறந்தது. உள்ளே ஒரு சாவி, கோட்டையின் அடிக்குப் போகும் கதவுக்கு.

கிறிஸ்துமஸ் தாண்டி நான் விளையாட்டை முடித்துவிட்டேன். கோட்டையின் அடியில் ஒரு பெரிய மண்டபம். உள்ளே இருட்டு. அல்ப்ரா சொன்னேன். ஏழு உப்புத் தூண்கள் ஏழு நிறத்தில் மின்னின. ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. சேர்த்துப் படித்தால் மதகைத் திறக்கும் சொல். அதைச் சொன்னதும், 'ஆறு உன் கணுக்கால் வரை வருகிறது. வாழ்த்துகள். மதிப்பெண் முந்நூறுக்கு இருநூற்றுத் தொண்ணூறு' என்று முடிந்தது.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. இத்தனை பாடுபட்டு கணுக்கால் வரைக்குமா? இன்டர்நெட்டில் இதை விளையாடியவர்கள் கூடும் இடத்தில் தேடினேன். எல்லோருக்கும் இருநூற்றுத் தொண்ணூறுதான். ஏழு வருடமாக மிச்சப் பத்து எங்கே என்று தேடித் தேடி, கடைசியில் எழுதியவர் கூட்டலில் தப்பு செய்துவிட்டார் என்று முடிவுகட்டியிருந்தார்கள். அவர் எதுவும் பதில் சொன்னதில்லை.

காசிமிரோவிடம் எதையும் சொல்லிக் கெடுக்காமல் காத்திருந்தேன். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அவன் வந்தான்.

"மண்டபத்துக்குப் போய்ட்டேன். அடேயப்பா. அந்த எட்டாவது தூண்!"

"ஏழு தூண்" என்றேன்.

"எட்டு."

"காசிமிரோ, நான் அதுக்குள்ள ரெண்டு வாரம் குடியிருந்தேன். ஏழு. ஒவ்வொண்ணோட நிறமும் வரிசையாச் சொல்லட்டுமா?"

"நிறம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அல்ப்ரா போட்டுப் பாத்தேன்."

கோப்பையை வாய் வரை கொண்டுபோனவன் கீழே வைத்தான். "அல்ப்ராவை எதுக்குப் போட்டே?"

"இருட்டா இருந்துச்சு, போட்டேன்!"

"இருட்டா இருந்தா என்ன?"

பால்தொமேரோ காப்பி இயந்திரத்தை நிறுத்தினான். பாரில் இருந்த நாலைந்து பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ வெளிச்சமே போடலியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? ஒவ்வொரு ரூமா வரும்போதும் அந்தப் பாதிரி 'இருட்டு, எதுவும் தெரியவில்லை'ன்னுவான். தெரியும்டா, மேல சொல்லுன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருந்தேன். தொட்டுப் பாத்தேன், காது குடுத்துக் கேட்டேன், மோந்து பாத்தேன். எல்லாத்துக்கும் பதில் வந்துச்சு. எல்லாரும் அப்படித்தான் ஆடறாங்கன்னு நெனச்சேன்."

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்தினேன். பால்தொமேரோ சாப்பாட்டு நேரத்தில் பாரை மூடினான். அப்படி ஒரு காரியத்தை அவன் மாமனார் சாவுக்குக்கூடச் செய்ததில்லை. மூன்று பேருமாகக் காசிமிரோவின் வீட்டுக்குப் போனோம். இத்தனை வருடத்தில் நான் அங்கே போனது அதுவே முதல் தடவை. இரண்டாவது மாடி. சுத்தமான அறை. மேஜை மேல் ஒரு பெரிய பலகை, அதில் டைல்ஸ் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தான். ஒவ்வொரு துண்டும் கோட்டையின் ஒரு அறை. சொரசொரப்பானது குகை, வழவழப்பானது பூஜை அறை, விரிசல் விட்டது உடைந்த பாலம். நான் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த அதே கோட்டை. விரலை வைத்து நடந்தால் உள்ளங்கையில் குளிர் ஏறியது.

"திரை எங்கடா?" என்றான் பால்தொமேரோ.

"அக்கா பொண்ணுக்குக் குடுத்துட்டேன். நான் வெச்சுக்கிட்டு என்ன பண்ண?"

ஆகவே நாங்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும். உட்கார்ந்தோம். அவன் விரல்கள் விசைகளின் மேல் ஓடின. அந்த மூக்கடைத்த குரல் பேச ஆரம்பித்தது.

'இருட்டு. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் உதவலாம்.'

'கேள்' என்று அடித்தான்.

'எங்கோ ஒரு சொட்டு விழுகிறது. அந்த ஓசை திரும்பி வர வெகுநேரம் ஆகிறது. இந்த இடம் மிகப் பெரியது.'

'தொடு.'

'உன் விரல்களில் உப்பு. ஒரு தூண். ஈரமாக, குளிர்ந்து.'

'கிழக்கே போ. தொடு.' இரண்டாவது தூண். மூன்றாவது. ஒவ்வொன்றும் விரலுக்கு வேறு மாதிரி. ஒன்று மணல் மாதிரி உதிர்ந்தது, ஒன்றில் நத்தைக்கூடு பதிந்திருந்தது. ஏழு வரை எண்ணினேன். அதற்கு மேல் அங்கே சுவர்தான் இருக்க வேண்டும். என் வரைபடத்தில் சுவர்தான்.

'கிழக்கே போ. தொடு.'

'இந்தத் தூண் சூடாக இருக்கிறது. உன் உள்ளங்கைக்குக் கீழே மெல்ல ஏறி இறங்குகிறது. இது மூச்சு விடுகிறது.'

வெளியே மத்தியான வெயில் ஜன்னல் கம்பியில் விழுந்துகொண்டிருந்தது, தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த இருட்டில் நின்றேன். இதே இடத்தை நான் எத்தனை தடவை கையில் வெளிச்சத்தோடு கடந்து போயிருக்கிறேன்!

"இது வரைக்கும்தான் நேத்து வந்தேன். மேல தனியாப் போக மனசு வரல" என்றான் காசிமிரோ.

புத்தகத்தைத் திறந்து சுசூரை மனப்பாடம் செய்தான். தூணின் மேல் சொன்னான்.

'வெளிச்சத்தோடு வருகிறவர்களுக்கு நான் தெரியமாட்டேன்' என்றது தூண். 'நீ என்னைத் தொட்டாய். நான் தூண் இல்லை. நான் நிமிர்ந்து நிற்கும் ஆறு. படுக்க மறந்துவிட்டேன். என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடு.'

ஆற்றின் பெயர் எங்களுக்குத் தெரியாது. புத்தகத்தில் இல்லை, தூண்களில் இல்லை. காசிமிரோ பலகை மேல் விரலை வைத்து அறை அறையாகப் பின்னோக்கிப் போனான். "மணி சொன்னது இல்ல... செருப்பு சொன்னது இல்ல..."

பால்தொமேரோ திடீரென்று எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"படகுடா!"

"என்ன படகு?"

"நெலாரா தினமும் என்னைச் சுமந்தாள்னு படகு சொன்னுச்சுன்னு சொன்னீங்களே! எந்தப் பொம்பளைடா படகைச் சுமப்பா? அது படகுக்காரன் பொண்டாட்டி இல்ல. நெலாராதான் ஆறு!"

காசிமிரோவின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு விசைப்பலகையைத் தடவி பால்தொமேரோ பக்கம் நகர்த்தினான். "நீயே அடி."

"எனக்குத் தெரியாதுடா."

"எழுத்து தெரியும்ல? ஒவ்வொண்ணாத் தேடி அடி. நான் காத்துக்கிட்டு இருக்கேன்."

பால்தொமேரோ கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தான். வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்தையும் அந்தக் குரல் படித்தது.

அதற்குப் பிறகு வந்ததை என்னால் முழுக்கத் திருப்பிச் சொல்ல முடியாது. பின்னால் பலமுறை படித்திருக்கிறேன். அன்றைக்குக் கேட்டதுபோல் ஒரு தடவையும் இல்லை. தூண் முழங்காலை மடக்குவதுபோல் வளைந்தது என்றது குரல். ஆறு முதலில் தன் முதுகைத் தரையில் வைத்துப் பார்த்தது, தூங்கப் போகும் மாடு மாதிரி. பிறகு நீண்டது. மண்டபத்தை நிரப்பியது, படிகளில் ஏறியது, படகை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டது, நான் நாலு நாள் கிடந்த பெட்டி அறை வழியாகப் போனது, உடைந்த பாலத்துக்கு அடியில் போனது. நாங்கள் குளிர்காலம் முழுக்கத் தவழ்ந்து கடந்த ஒவ்வொரு அறையையும் அது பெயர் சொல்லித் தொட்டுக்கொண்டே போனது. காசிமிரோவின் விரலும் அதோடு பலகையில் துண்டு துண்டாக ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் வாசல். 'நீ மிதக்கிறாய். உன்னைச் சுமந்துகொண்டு நெலாரா வெளியே வருகிறாள். பள்ளத்தாக்கு அவளைப் பார்த்து எழுந்து நிற்கிறது. முந்நூறுக்கு முந்நூறு.'

ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் கோயில் ஜெபம் மாதிரி கேட்டது. பால்தொமேரோ இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எவ்வளவு பெருசா இருந்துச்சு, இல்ல?" என்றான் காசிமிரோ.

அன்று மாலையே விளையாட்டை எழுதியவருக்குக் கடை எண்ணையும் போட்டு ஈமெயில் அனுப்பினேன். மறுநாள் காலை கடைத் தொலைபேசி ஒலித்தது. வடக்கே தஃபால்யாவிலிருந்து ஒரு பெண் குரல். மருந்துக்கடை வைத்திருக்கிறாராம். பெயர் கமினோ.

"எட்டாவது தூணைக் கண்டுபிடிச்சவர் அங்க இருக்காரா?" என்றார்.

ஓடிப்போய்க் காசிமிரோவைக் கூப்பிட்டேன். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"இருட்டுல யாராவது நிப்பாங்களான்னு பாக்கத்தான் அதை எழுதினேன்" என்றார் கமினோ. "ஏழு வருஷம் ஒருத்தர்கூட நிக்கல. கூட்டல் தப்புன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. நானும் வாயைத் திறக்கல. போன மாசம் அதை எடுத்துடலாமான்னு நெனச்சேன். யாரும் வராத வீட்டைக் கட்டி வெச்சிருக்கேனேன்னு வெக்கமா இருந்துச்சு. நீங்க எப்படி நின்னீங்க?"

"மேடம், நான் பன்னெண்டு வருஷமா அங்கதான் நிக்கறேன்" என்றான் காசிமிரோ.

அவனுக்குப் பார்வை இல்லை என்பதை நான் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை, அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு, "நான் வரலாமா?" என்றார்.

மே மாதம் ரயிலில் வந்தார். ஐம்பது வயது, குட்டையான உருவம், படபடவென்று பேச்சு. காசிமிரோவின் கையை அவர் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று, "எந்தப் பக்கம் போகணும்? எனக்கு ஊர் தெரியாது, நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். அவன் தெருமுனை வரை அவருக்கு முன்னால் நடந்தான்.

பாரில் இருந்த பலகாரம் எல்லாவற்றையும் பால்தொமேரோ மேஜையில் பரப்பினான். பெட்டியை உதைக்கும் வாக்கியத்தை எழுதியது இந்த அம்மாள்தான் என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். காசிமிரோ சாப்பிடாமல் எதையோ கேட்கக் காத்திருந்தான்.

"மண்டபத்துல வடக்குச் சுவருக்குப் பின்னால என்ன இருக்கு?" என்றான்.

"ஒண்ணுமில்ல. சுவர்தான்" என்றார் கமினோ.

"இல்ல. தட்டிப் பாத்தேன். பொள்ளலா ஒலிக்குதுன்னு வந்துச்சு. டைல்ஸ் வேலையில முதல்ல கத்துக்கறதே அதுதான். பதிச்சதைத் தட்டிப் பாக்கணும், உள்ள காலியா இருந்தா சத்தம் காட்டிக் குடுக்கும்."

கமினோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். தான் அப்படி எதுவும் எழுதவில்லை என்றார். சத்தியமாக இல்லை என்றார். பிறகு என் கடைக்கு வந்து, தன் சிடியைப் போட்டு, எழுதிய நிரலை வரி வரியாகப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து நாற்காலியில் சாய்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இருக்கு. நான்தான் எழுதியிருக்கேன். அங்க ஒரு அறை வெக்கணும்னு முதல் மாசத்துல நெனச்சிருக்கேன். என்ன அறைன்னு சுத்தமா மறந்துபோச்சு." தலையைத் திருப்பிக் காசிமிரோவைப் பார்த்தார். "என் கோட்டையை என்னைவிட நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அங்க என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. நான் எழுதறேன்."

அவன் முகம் அன்றைக்கு மூடிக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் யோசித்தான். வாடிக்கையாளர் ஒருவர் வந்து ரப்பர் வாங்கிப் போனார். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகக் கடந்து போனார்கள்.

"ஒரு வீடு" என்றான் கடைசியில். "முடிக்காத வீடு. ஒருத்தன் டைல்ஸ் பதிச்சுக்கிட்டு இருக்கான். ஆறு வந்துடும்னு அவனுக்குத் தெரியும். ஆனா வேலையைப் பாதியில விடமாட்டான்."

"ஆடறவன் அங்க என்ன செய்யணும்?"

"அவனுக்குச் சாந்து குழைச்சுக் குடுக்கணும். நல்லாக் குழைக்கலேன்னா அவன் திட்டுவான். அந்தத் திட்டை நான் எழுதறேன்."

புதிய பதிப்பு அந்த ஆண்டு நவம்பரில் வந்தது. முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள். அந்த டைல்ஸ்காரனின் திட்டுகள் மட்டும் நாற்பத்தொன்று. ஒன்றைக்கூட நான் இங்கே எழுத முடியாது. ஸ்பெயின் முழுக்க விளையாடுகிறவர்கள், மெக்சிகோவிலிருந்தும்கூட, வேண்டுமென்றே சாந்தைக் கெடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டு அவனுக்கு ஈமெயில் எழுதினார்கள்.

இப்போது அவன் தனியாக ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். லாட்டரிக் கூண்டுக்குள் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, காதில் ஒரு பக்கம் அந்தப் பாதிரி, இன்னொரு பக்கம் தெரு. வியாழக்கிழமைகளில் கமினோ கூப்பிடுவார், ஒரே ஒரு சொல்லுக்காக முக்கால் மணி நேரம் சண்டை போடுவார்கள். நேற்று காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று என் பக்கம் திரும்பினான்.

"லுதிவினா, ஒரு மழை எழுதணும். நனையறதைப் பத்தி எனக்குத் தெரியும். தூரத்துல மழை வர்றது கண்ணுக்கு எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு. சொல்லு பாப்போம்."

நான் கதவருகே போய் நின்றேன். மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. இத்தனை வயது வரை நான் அதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அவசரமில்ல. நல்லாப் பாத்துச் சொல்லு" என்றான் காசிமிரோ.